தண்ணீர் ஆகாத தரை

ரப்பர் ஸ்டோருக்குப் போகிற லொறியில் அந்தப் பலகைக் கட்டுகள் வந்து இறங்கியபோது, இந்திரகுமார் கல்யாணக் கட்டில் செய்யப் போகிறான் என்றுதான் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பேசிக்கொண்டோம். பலகை ஒவ்வொன்றும் விரல் கனம்கூட இல்லை. மேல்பக்கம் தேக்கு மாதிரி வரி ஓடியிருந்தது. திருப்பிப் பார்த்தால் அட்டை.

"இதுல கட்டில் செஞ்சா மொத ராத்திரியே ஒடஞ்சிருமேடா," என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக் காத்தாயி.

"கட்டில் இல்ல பெரியம்மா. தரைக்கு. நெலத்துல போடுறது."

"பலகைய நெலத்துல போட்டுட்டு, சிமெந்திய எங்க போடப் போற? கூரையிலயா?"

எல்லோரும் சிரித்தோம். அவன் அப்பா ராமச்சந்திரனும் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இஸ்தோப்புத் திண்ணையின் தூணைப் பிடித்துக்கொண்டு, இருமி முடித்துவிட்டு மறுபடி சிரித்தார்.

இந்திரகுமார் கொழும்பில் றினாஸ் என்ற கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தான். மாடி வீடுகளுக்கும் கம்பெனிக் கந்தோர்களுக்கும் இந்த லெமினேட் பலகையைப் பதிக்கிற வேலை. கொள்ளுப்பிட்டியில் மூடிப்போன ஒரு கந்தோரின் தரையைப் பிரித்து எடுத்தபோது, எறியப் போகிற பலகைகளை அவன் கேட்டிருக்கிறான். றினாஸ் கொடுத்துவிட்டார். அவன் கேட்டது அம்மாவுக்காக.

மருதாயி ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டியே வயசானவள். மூன்று வருசத்துக்கு முந்தி, காடு வெட்டுகிற வேலையில், சீவி விட்ட ஒரு செடிக் கட்டை அவள் பாதத்தில் ஏறியது. இரத்தத்தில் சீனி வருத்தம் இருந்த உடம்பு. புண் ஆறவில்லை. விரல் போனது, பிறகு பாதம் போனது, கடைசியில் முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ஊன்றுகட்டை கொடுத்தார்கள். எங்கள் லயத்து வாசல் சரிவும் பாசியும் தெரிந்தவர்கள் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள். கீழே விழுந்த பிறகு அதை மூலையில் சாத்திவிட்டாள். உட்கார்ந்தபடி கையை ஊன்றி உடம்பை இழுத்து நகர்ந்தாள்.

லயத்துத் தரை வெள்ளைக்காரன் காலத்துச் சிமெந்தி. பெயர்ந்து, மணல் வெளியே வந்து, ரொட்டி சுட்ட கல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். மழைக் காலத்தில் மலைத்தண்ணீர் கீழேயிருந்து ஊறி, தரை வேர்க்கும். அதில் இழுத்து இழுத்துத் தொடையில் தோல் உரிந்தது. சீனிக்காரிக்குத் தோல் உரிந்தால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ராமச்சந்திரன் அவளைத் தூக்கினார். கக்கூசுக்குத் தூக்கினார், குசினிக்குத் தூக்கினார், வெயில் வந்தால் இஸ்தோப்புக்குத் தூக்கினார். பால் வெட்டிவிட்டு வந்து, வாளியை வைத்த கையோடு தூக்கினார்.

"அந்த மனுசனுக்கு நெஞ்சு இழுக்குது," என்று மருதாயி காத்தாயியிடம் சொல்வாள். "எத்தன தடவதான் கூப்புடுறது? அதனால தண்ணியே குடிக்கிறதில்லக்கா. குடிச்சாத்தானே கூப்புடணும்."

இந்திரகுமார் லீவு போட்டு வந்து வேலையைத் தொடங்கினான். சிமெந்தியில் மேடான இடங்களைக் கொத்தினான், பள்ளங்களை நிரப்பினான். எங்கள் பக்கத்தில் பூசினது எதுவும் லேசில் காயாது. தட்டில் கரியைப் பற்ற வைத்து, தரையில் இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக் காய வைத்தார்கள். காம்பரா முழுக்க புகை. பிறகு, மழைக்கு ரப்பர் மரத்தில் கட்டுகிற பொலித்தீனை விரித்து, அதற்கு மேல் ஸ்பொஞ்சு மாதிரி மெல்லிய வெள்ளை போம் விரித்தான். அதன்மேல் பலகை. ஒரு பலகையைச் சாய்த்துப் பிடித்து, மற்றதன் ஓரத்தில் செருகி, கீழே அமர்த்துவான். டக் என்று பிடித்துக்கொள்ளும். ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு.

"ஆணி இல்லாம எப்புடிடா நிக்கிது?" என்றார் ராமச்சந்திரன்.

"ஓரத்துல நாக்கு இருக்குப்பா. மத்ததுல வாய் இருக்கு. நாக்கு வாய்க்குள்ள போனா பூட்டிக்கும். போட்ட மாதிரியே திரும்பக் கழட்டவும் ஏலும். கந்தோர்ல இருந்து அப்புடித்தானே எடுத்தோம்."

"செவத்துகிட்ட ஏன் எடம் விடுற?"

"பலகை மழைக்கி வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். எடம் விடாட்டி மேல தூக்கிரும்."

"ஒங்கம்மா மாதிரி."

மருதாயி பாயில் இருந்தபடியே சொன்னாள்: "ஆமா, நான் வீங்குறேன், இவரு சுருங்குறாரு. ரெண்டு பேருக்கும் சேத்து எடம் விடுடா."

குசினியிலும் அடுப்படியை மட்டும் விட்டுவிட்டுப் பதித்தான். குறுக்கே இருந்த வாசற்படியை வெட்டி எடுத்தான். குசினியை ஒட்டித் தகரம் அடித்த கக்கூசுக்கு உட்கார ஒரு வாங்கு செய்தான். எல்லாம் முடிந்ததும் எங்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்தி ஒன்று சொன்னான்.

"தண்ணி மட்டும் ஆகாது. சிந்துனா ஒடனே தொடைக்கணும். வாளியில மட்டும் ஊத்திறாதீங்க. உள்ள அட்டைதான். ஊறுனா சோறு மாதிரி பொங்கிரும்."

மருதாயிக்கு ஒரு கோதுமை மாச்சாக்கை நாலாக மடித்துக் கொடுத்தான். அதன் மேல் உட்கார்ந்து கையால் ஒரு தள்ளு தள்ளினாள். சாக்கு வழுக்கிக்கொண்டு போனது. பயந்து நின்றாள். இன்னொரு தள்ளு. காம்பராவைத் தாண்டி, குசினியைத் தாண்டி, தகரக் கதவு வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி ஒரு தடவை போய் வந்தாள். அப்புறம் செம்பு நிறையத் தண்ணீர் கேட்டாள். வாயை எடுக்காமல் குடித்து முடித்தாள். ராமச்சந்திரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"இனிமே எனக்கு வேல போச்சு," என்றார்.

அந்த மழைக் காலம் முழுவதும் அந்த வீட்டில் மருதாயி சமைத்தாள். மரவள்ளிக்கிழங்கு அவித்து, கட்டச் சம்பல் இடித்து, எங்களுக்கும் கோப்பையில் போட்டு அனுப்பினாள். லயத்துப் பெண்கள் தரையைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஈரக்காலை வாசலில் துடைக்க வேண்டியிருந்தது.

"ஒங்க வீட்டுக்குள்ள வாறதுக்குத் தொர வீட்டுக்குப் போற மாதிரி பயமா இருக்கு," என்று ஒருத்தி சொன்னாள்.

காத்தாயி வேறு ஒன்றைச் சொன்னாள். "எல்லாஞ் சரி மருதாயி. வெள்ளிக்கெழமையில வீடு கழுவாத வீடு நம்ம லயத்துல இது ஒன்னுதான்."

"மஞ்சத்தண்ணியில துணிய முக்கிப் புழிஞ்சு தொடைக்கிறேன்க்கா. சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காது. சனங்க கோவிச்சுக்கும்."

அது வம்புப் பேச்சுத்தான். யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

இந்திரகுமார் கொழும்புக்குப் போய்விட்டான். ராமச்சந்திரன் தோட்டத்தில் கணக்கு முடித்து ஓய்வு பெற்ற பிறகு, தோட்டத்துக்கு வெளியே ஒரு சிங்கள முதலாளியின் சின்னக் காணியில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மழை தொடங்குகிற நேரம், ஒரு காலையில் பாதி மரங்களில் பால் வெட்டியவர் மீதி மரங்களுக்குப் போகவில்லை. பால் எடுக்கப் போன முதலாளிதான் பார்த்தார். மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சிரட்டைகளில் பால் நிரம்பி வழிந்து வேரில் இறங்கியிருந்தது.

பிணத்தைப் பதப்படுத்துகிற மல்சாலாவிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து காம்பராவின் நடுவில் வைத்தார்கள். மழை விடவேயில்லை. லயத்துச் சனம், பக்கத்து டிவிஷன் சனம், கிராமத்துச் சனம் எல்லோரும் சேற்றுக் காலோடு வந்தார்கள். எழவு வீட்டில் காலைத் துடைத்துவிட்டு வா என்று யார் சொல்வது? இந்திரகுமார் ஓடி ஓடி வாசலிலும் பெட்டியைச் சுற்றியும் சாக்கு விரித்தான். மருதாயி சுவரோரம் இருந்து, கைக்கு எட்டிய இடத்துத் தண்ணீரை முந்தானையால் ஒற்றினாள். முதலாளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், "ஹரி லஸ்ஸனய்," நல்ல வடிவாக இருக்கிறது என்று இந்திரகுமாரிடம் சொன்னார்.

இஸ்தோப்பில் ஒரு குரல் கேட்டது. "அப்பன் செத்துக் கெடக்கான், இவன் தரைக்குச் சாக்கு விரிக்கிறான்."

யார் சொன்னது என்று பார்க்க இந்திரகுமார் திரும்பவில்லை. குனிந்து சாக்குகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி வெளியே எறிந்தான். பிறகு பெட்டியின் தலைமாட்டில் போய் நின்றான். அதற்குப் பிறகு அவன் தரையைப் பார்க்கவேயில்லை.

ராமச்சந்திரனின் அக்கா வெள்ளையம்மா நிவித்திகல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தாள். வந்தவள் தம்பியின் முகத்தைப் பார்த்து அழுது, மருதாயியைக் கட்டிப்பிடித்து அழுது, எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு வேலைகளைக் கையில் எடுத்தாள். வீட்டில் மூத்தவள் அவள்தான்.

பின்னேரம் பெட்டியைத் தூக்கினார்கள். தப்புச் சத்தம் லயத்து முடக்கைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போய் மங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பிணம் எல்லை தாண்டியதும் அவர்களுக்கு வீட்டில் வேலை இருக்கிறது. வீட்டை மூலை முடுக்கு விடாமல் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி வைக்க வேண்டும். புதைத்துவிட்டு வருகிற ஆண்கள் மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் குளித்து, வாசலில் நின்று அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பெண்கள் பீலியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து இஸ்தோப்பில் வரிசையாக வைத்தார்கள். வெள்ளையம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் வாளியை எடுத்தாள்.

"மதினி, ஊத்தாதீங்க," என்றாள் மருதாயி.

"என்னா புள்ள?"

"தண்ணி ஊத்துனா இந்தத் தரை போயிரும். துணிய முக்கிப் புழிஞ்சு நான் தொடைக்கிறேன். ஒரு மூல விடாம நானே தொடைக்கிறேன்."

"பல்லி பேஞ்சத தொடைக்கலாம். சாவத் தொடைப்பாங்களா?"

"இந்தத் தரை இல்லாட்டி நான் எப்புடி மதினி நகர்றது? இப்ப தூக்கவும் ஆளு இல்லையே. இந்திரன் கொழும்புக்குப் போயிட்டா நான் என்னா செய்வேன்?"

"அதுக்காக? என் தம்பி போன வீட்டக் கழுவாம வெளக்கு ஏத்தச் சொல்றியா? ஆம்பளைங்க வந்து வாசல்லயே நிப்பாங்க. நாளைக்கி இந்திரனுக்குப் பொண்ணு குடுக்க வாறவன், அப்பன் சாவு கழுவாத வீடுன்னு சொல்ல மாட்டானா?"

"அவரு இருந்தா ஊத்த வேணாம்னுதான் சொல்லுவாரு."

"அவன் இருந்தா நாம ஏன்டி கழுவப் போறோம்?"

வெள்ளையம்மா வாளியை வைத்துவிட்டு மருதாயியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இரண்டு பேரும் அழுதார்கள். வாளிகளில் கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காத்தாயிதான் வழி சொன்னாள். "ஏன் ரெண்டு பேரும் மண்டைய ஒடைக்கிறீங்க? போட்ட மாதிரியே கழட்டலாம்னு பய சொன்னான்ல? கழட்டுவோம். என் காம்பராவுல அடுக்கி வைப்போம். கீழ இருக்குற சிமெந்திய நல்லாக் கழுவி விடுவோம். காரியம் முடிஞ்சு அவன் திரும்ப மாட்டிக்கிடட்டும்."

"அப்புடிச் செய்யலாமா?" என்றாள் வெள்ளையம்மா.

"அவன் அப்புடித்தான் சொன்னான்," என்றாள் மருதாயி. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பெண்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அழுகிற வீட்டில் கைக்கு ஒரு வேலை கிடைத்தால் அது பெரிய ஆறுதல். வாசலோரத்தில் உட்கார்ந்து முதல் பலகையைத் தூக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

"கடைசியாப் போட்ட பலகையில இருந்து எடுக்கணும் போல," என்றாள் மருதாயி. "அவன் குசினிச் செவத்துலதான் முடிச்சான்."

"அந்தப் பக்கம் அரிசி ட்ரம்மு, அடுக்குச் சட்டி எல்லாம் இருக்கு புள்ள. அத ஒதுக்க நேரம் ஏது? ஆம்பளைங்க வந்துருவாங்க. எந்தப் பக்கமா எடுத்தா என்னா, வாறது பலகைதானே?"

வெள்ளையம்மா ஒரு இரும்பு அலவாங்கைக் கொண்டுவரச் சொன்னாள். சுவரோரம் விட்டிருந்த இடைவெளியில் அதைச் செருகி, முழு பாரத்தையும் கொடுத்து அமுக்கினாள். ஒரு சத்தத்தோடு பலகை எழும்பியது.

"வந்திருச்சு! வந்திருச்சு!"

பிறகு வேலை சூடு பிடித்தது. ஒருத்தி நெம்ப, ஒருத்தி இழுக்க, ஒருத்தி வாங்கிக் காத்தாயியின் காம்பராவுக்குக் கொண்டுபோனாள். ஒரு பலகையும் மழையில் நனையவில்லை. சேலையால் மூடி மூடித்தான் கொண்டுபோனார்கள். "கொழுந்து எடுத்த கைக்கு இது என்னா பெரிய வேல," என்று வெள்ளையம்மா சொன்னாள். அவள் உள்ளங்கையில் சிராய் ஏறி இரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ஒவ்வொரு பலகைக்கும் அந்தச் சத்தம் வந்தது. மகன் போடும்போது கேட்ட சத்தம் அது இல்லை என்று மருதாயிக்குத் தெரிந்தது.

"பாத்து மதினி."

"பாத்துதான் எடுக்குறேன் தங்கம். நீ பயப்புடாத."

ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தனக்காக இரத்தம் வரக் குனிந்து நிற்கிறவளிடம் இரண்டாம் தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆண்கள் திரும்பி வந்தபோது வீடு கழுவிக் கிடந்தது. விளக்கு எரிந்தது. மஞ்சள் வாசம் வந்தது. இந்திரகுமார் விளக்கைக் கும்பிட்டுவிட்டு, கீழே பார்த்தான். பழைய சிமெந்தி. காத்தாயி கை காட்டிய பக்கம், அவள் காம்பராவுக்குப் போனான். அடுக்கில் மேலே இருந்த பலகையை எடுத்து ஓரத்தை விரலால் தடவினான். நாக்கு இல்லை. அடுத்ததை எடுத்தான். அதற்கடுத்ததை எடுத்தான்.

பின்னாலேயே வெள்ளையம்மா வந்து நின்றாள். "எல்லாத்தையும் பத்திரமா எடுத்துட்டோம்டா அய்யா. ஒன்னுகூட நனையல. ஒங்கம்மாவுக்காகத்தான்."

அவன் அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான்.

"நல்லாத்தான் கழட்டியிருக்கீங்க அத்த," என்றான்.

கருமாதி முடியும் வரைக்கும் அவன் அம்மாவைத் தூக்கினான். அப்பாவைப் போல அவனுக்கு அந்தப் பிடி வரவில்லை. மருதாயி பல்லைக் கடித்துக்கொள்வாள். மறுபடியும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். கருமாதிக்கு மறுநாள் வெள்ளையம்மா புறப்படும்போது கேட்டாள். "எங்கூட வந்துரு மருதாயி. இருக்குறதத் திம்போம்."

"ஒங்க காம்பராவுக்குப் படி ஏறித்தானே மதினி வரணும். அங்கயும் ஒரு ஆளு என்னைய சொமக்கணும். வேணாம்."

இந்திரகுமார் பலகைகளைத் திரும்பப் பதித்தான். உடைந்த ஓரங்களுக்குப் பசை வைத்தான். மேலே கல்லைத் தூக்கி வைத்தான். மழை ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. ஒரு பலகை எழும்பியும் ஒரு பலகை தாழ்ந்தும், நடுவில் சிராய் நீட்டிக்கொண்டும் நின்றது. புதிதாக வாங்க அவனிடம் வசதி இல்லை. பிரித்தெடுத்த பலகை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சிங்கள முதலாளி ஒருநாள் வந்து நின்றார். மரங்கள் சும்மா நிற்கின்றன, அப்பா பால் வெட்டின மரங்களை மகன் எடுத்துக்கொள்ளலாம் என்றார். யோசித்துச் சொல்வதாக இந்திரகுமார் சொன்னான்.

அவர் போனதும் மருதாயி சொன்னாள். "அந்தப் பால் வெட்டுற கத்தியத் தொடாத. தொட்டா அப்புறம் கீழ வைக்க மாட்ட. நான் வச்சேனா? ஒங்கப்பா வச்சாரா?"

"அப்ப ஒன்னைய யாரு பாக்குறது?"

"நான் பாத்துக்குறேன்."

"எப்புடிம்மா?"

அவள் மூலையில் கிடந்த மாச்சாக்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் றினாஸ் போன் பண்ணினார். இந்திரகுமார் இஸ்தோப்பில் நின்று பேசினான். அந்தப் பக்கத்துக் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "இந்திரன், உம்மாக்கு எப்பிடி? வெள்ளவத்தைல வேல நிக்கிது. நான் வேற ஆள் போடவா? நீங்க வாறீங்களா இல்லையா, ஒண்டச் சொல்லுங்க."

"பாஸ், நான்..."

"வாறேன்னு சொல்லு," என்று உள்ளேயிருந்து மருதாயி குரல் கொடுத்தாள்.

அவன் போனைக் கையில் பொத்திக்கொண்டு உள்ளே வந்தான். அவள் பாயை விட்டு இறங்கி, மாச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"பாரு," என்றாள்.

தள்ளினாள். சாக்கு முதல் எழும்பலிலேயே மாட்டியது. கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். சாக்கை இழுத்துப் போட்டாள். அடுத்த எழும்பல். அடுத்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பீலிக்குப் போகிறவள் மாதிரி சாதாரணமாகப் போனாள். ஒரு இடத்தில் மட்டும் கை சறுக்கியது. நிற்கவில்லை. குசினிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் இருந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியா? இப்ப சொல்லு."

இந்திரகுமார் போனைக் காதில் வைத்தான். "திங்கக்கெழம வாறேன் பாஸ்," என்றான்.

"குடிக்க பிளேன்ட்டி ஊத்தவா?" என்றாள் மருதாயி. இடது கையால் கேத்தலை இழுத்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். முந்தானையில் ஈரம் சிவப்பாகப் பரவியது.

அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"கையக் காட்டும்மா."

"ஒன்னுமில்லடா. கேத்தல் சுட்டுருச்சு."

அடுப்பு இன்னும் பற்ற வைக்கவேயில்லை. இந்திரகுமார் குனிந்து விறகை அடுக்கத் தொடங்கினான்.